கழுநீர்ப் பானை: கோலார்ப் பீடபூமியில் தானியமும் பூஞ்சை நஞ்சும்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் இரயிலில் கோலார் தங்க வயலுக்கு வருவோர் கண்ணில் படுவது சுரங்கமன்று. சாம்பல் நிற மண்மேடுகள். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பணியைத் தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, 120 ஆண்டுகள் பாறையை வெட்டி, இடித்து, பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவு அது. அளவு 3 கோடி டன்னுக்கும் மேல். கோடைக்காற்று வீசும்போது அம்மண் தெருவுக்கும் வீட்டுக்கும் வந்து சேரும். பிரித்து விலக்கப்பட்ட பொருள் அழிவதில்லை, இடம் மட்டுமே மாறுகிறது என்பதை இவ்வூராருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அதே கணக்கு அவ்வூரின் சமையலறைகளிலும் நாள்தோறும் நடந்தது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர், மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய வரிசை வீடுகளில் குடியேறின. உடன் கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்களில் முறமும் உரலும் ஏந்திரக் கல்லும் இல்லாமல் இருந்திருக்க முடியாது. உணவு வரலாறு பெரும்பாலும் என்ன உண்டார்கள் என்று கேட்கிறது. உண்பதற்கு முன் எதைக் கழித்தார்கள், அக்கழிவு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. தானியத்தில் வளரும் பூஞ்சைகளின் நஞ்சைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வியே முதன்மையானது.

தமிழில் தானியத்தைத் தூய்மை செய்வதற்கு ஒரே வினைச்சொல் இல்லை. களத்தில் காற்றுக்கு எதிரே கொட்டுவது தூற்றுதல். முறத்தை மேலும் கீழும் அசைத்துப் பதரை முன்னே தள்ளுவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துப் பெரியதையும் சிறியதையும் பிரிப்பது கொழித்தல். தூசையும் நுண்பொடியையும் நீக்குவது தெள்ளுதல். கல்லும் நொய்யும் ஒதுங்கும்படி முறத்தை ஆட்டிச் சேர்ப்பது நாவுதல். பிறகு உமி போகக் குத்துதல், தவிடு போகத் தீட்டுதல், நீரில் களைதல். வட்டாரத்துக்கு வட்டாரம் இச்சொற்களின் பொருள் சற்று மாறும். ஆயினும் ஒவ்வொரு கையசைவுக்கும் தனிச்சொல் வேண்டும் என்று மொழி கருதியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. கழிவுகளுக்கும் அப்படியே: பதர், சொத்தை, உமி, தவிடு, நொய், கழுநீர். ஒவ்வொன்றுக்கும் போகுமிடம் உண்டு. உமி அடுப்புக்கு, நொய் கஞ்சிக்கோ கோழிக்கோ, தவிடும் கழுநீரும் மாட்டுக்கு. கழுநீரை ஊற்றிவைக்கத் தனிப் பானையே இருந்தது.

பூஞ்சை நஞ்சு பற்றிய இக்கால அறிவியல் இச்சொற்பட்டியலைப் புதிய பொருளில் வாசிக்க வைக்கிறது. ஒரு மூட்டை தானியத்தில் நஞ்சு சீராகப் பரவியிருப்பதில்லை. சில மணிகளில் மிகுதியாகவும் பலவற்றில் சிறிதுமில்லாமலும் இருக்கும். பூஞ்சை தின்ற மணி எடை குறைந்து, சுருங்கி, நிறம் மாறியிருக்கும், எளிதில் உடையும். எடை குறைந்ததைப் புடைத்தலும், உடைந்ததைக் கொழித்தலும், பொடியைத் தெள்ளுதலும் நீக்குகின்றன. நீரில் இட்டால் அது மிதக்கும். எஞ்சிய மணியிலும் நஞ்சு உள்மாவில் இருப்பதைவிட மேல்தோலிலும் முளைக்கருவிலுமே மிகுதி. அதைக் குத்துதலும் தீட்டுதலும் குறைக்கின்றன. சமைத்தல் மட்டும் பெரிதாக உதவுவதில்லை. அஃப்ளாடாக்சின் 200 பாகை செல்சியசுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். கொதிக்கும் உலைநீர் அதை ஒன்றும் செய்யாது. அடுப்பு ஏற்றுவதற்கு முன் நடக்கும் வேலையே நஞ்சின் அளவைத் தீர்மானிக்கிறது. அந்த வேலை முழுவதும் பெண்களுடையது, கூலி இல்லாதது. தங்க வயலின் கூலிப் பதிவேடுகளில் சுரங்கத்தில் இறங்கியவரின் உழைப்புக்கு ஒரு வரியேனும் உண்டு. முறம் பிடித்த கைக்கு அதுவுமில்லை.

கோலார் மாவட்டத்தின் அடிப்படைத் தானியம் கேழ்வரகு. கன்னடரும் தெலுங்கரும் தமிழரும் கலந்து வாழும் இப்பகுதியில் தமிழரும் அதை ராகி என்றே சொல்வர். அதன் உணவைத் தமிழர் களி என்பர்; கன்னடர் முத்தே என்பர்; தெலுங்கர் சங்கடி என்பர். கேழ்வரகு மேற்சொன்ன விதிக்கு ஒரு புறனடை. மணி மிகச் சிறியது, தோலை நீக்குவது கடினம், முழுமணியாகவே அரைக்கப்படுகிறது. கழிப்பதற்கு அதிகமில்லை. ஆனால் அச்செந்நிறத் தோலில் செறிந்துள்ள பாலிபீனால்கள் பூஞ்சை வளர்ச்சியை எதிர்ப்பவை. பழைய மைசூர்ப் பகுதியில் கேழ்வரகை ஹகேவு எனப்படும் நிலத்தடிக் குழிகளில் ஆண்டுக்கணக்கில் சேமித்தனர். வாய் மூடிய குழிக்குள் தானியமே சுவாசித்து உயிர்வளியைத் தீர்த்துவிடும், கரிவளி நிறையும், பூச்சியும் பூஞ்சையும் அடங்கும். குழியைத் திறந்தவுடன் இறங்கக்கூடாது, காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அம்மரபோடு சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு நிலம் வேண்டும், விளைச்சல் வேண்டும், அடுத்த ஆண்டுவரை தொடாமல் வைத்திருக்கக்கூடிய மிகுதி வேண்டும். தங்க வயலின் தட்டி வீட்டில் இவை மூன்றும் இல்லை. சுரங்கத் தொழிலாளி தானியத்தை விளைவிப்பவர் அல்லர், வாங்குபவர். ராபர்ட்சன்பேட்டைக் கடையிலோ ஆண்டர்சன்பேட்டைச் சந்தையிலோ கிடைத்ததே அவருடைய களஞ்சியம். மூட்டை எந்த மழையில் நனைந்தது, எந்தக் குழியில் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. குழியும் குதிரும் அவர் கையை விட்டுப் போய்விட்டன. எஞ்சியது முறம் ஒன்றே.

கேழ்வரகிலும் மரபு எப்போதும் காவலாக நின்றது என்று சொல்லிவிட முடியாது. முளைகட்டுதல் சத்தைக் கூட்டும். ஆனால் நனைந்த தானியத்தை ஓரிரு நாள் மூடிவைப்பது பூஞ்சைக்கும் வாய்ப்பானது. வெயில் இல்லாத நாளில் செய்தால் கேடு. வரகில் நிலைமை இன்னும் கடுமை. வரகு உண்டு மயங்கியவர் பற்றிய அறிவு இந்தியாவில் பழையது. மதன கோத்ரவம் என்ற வடமொழிப் பெயரே அதற்குச் சான்று. அம்மயக்கத்துக்குப் பூஞ்சை உண்டாக்கும் சைக்ளோபியசோனிக் அமிலம் காரணம் என்று 1980களில் இந்திய ஆய்வாளர் காட்டினர். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தபோது மீண்டும் பேசப்பட்டது அதே அமிலமே. ‘சிறுதானியம் என்றாலே மருந்து’ என்று இன்று எழுதுவோர் இவ்வரலாற்றையும் சேர்த்து எழுதலாம்.

இந்த மண்ணுக்கு மக்காச்சோளம் வந்தது பிந்தி. வந்த விதத்தை அதன் பெயர்களே சொல்கின்றன. தமிழில் மக்காச்சோளம், தெலுங்கில் மொக்கஜொன்ன, கன்னடத்தில் முசுகின ஜோள, அதாவது முக்காடிட்ட சோளம். கதிரை மூடிய மடல்கள் முக்காடாகத் தோன்றியிருக்கின்றன. வட கன்னடத்தில் அதற்கு இன்னொரு பெயர் உண்டு: கோவின ஜோள, பசுவின் சோளம். நான்கு பெயர்களிலும் அடிச்சொல் ஒன்றே: சோளம், ஜோள, ஜொன்ன. புதிய தானியம் புதிய பொருளாக அன்றி, முன்பே தெரிந்த சோளத்தின் ஒரு வகையாகவே பெயர் பெற்றது. பெயர் அப்படியானால் செய்முறையும் அப்படியே. சோளத்தை முழுமணியாக மாவாக்கி ரொட்டி தட்டுவது போலவே மக்காச்சோளத்தையும் மாவாக்கினர். அதற்கென்று தனி வினைச்சொல் தமிழிலும் பிறக்கவில்லை, கன்னடத்திலும் பிறக்கவில்லை.

பிறந்த மண்ணில் அதற்குத் தனிச்சொல் இருந்தது. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் நெக்ஸ்டமல்லி. நெக்ஸ்ட்லி என்றால் சாம்பல். தமல்லி என்றால் பிசைந்த மாவு. மணியைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோல் கழலக் கழுவி, பின்பு அரைப்பது அம்முறை. ஃபியூமோனிசின் என்ற நஞ்சு நீரில் கரைவது. சுண்ணாம்பில் அதன் பக்கச்சங்கிலிகள் அறுபடும். பெரும்பகுதி கழுவிய நீரோடு போய்விடும். அஃப்ளாடாக்சினின் வளையமும் காரத்தில் திறந்துகொள்ளும். ஆனால் அமிலம் பட்டால் அவ்வளையத்தில் ஒரு பகுதி திரும்ப மூடிக்கொள்ளும், இரைப்பையிலோ இருப்பது அமிலமே. ஆகவே அம்முறையும் முழுக் காப்பன்று. ஐரோப்பாவுக்குத் தானியம் கடல் கடந்து போயிற்று, சுண்ணாம்பு போகவில்லை. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே பெல்லாக்ரா நோய் பரவியதற்கு அது ஒரு காரணம். தென்னிந்தியாவில் வீட்டுக்கு வீடு வெற்றிலைச் சுண்ணாம்பு இருந்தது. மக்காச்சோளத்தோடு அதை இணைக்கும் வழக்கம் மட்டும் இங்கே வேரூன்றவில்லை.

அதன் விளைவு என்ன என்பதைக் கேழ்வரகு உண்ட கோலாரில் தேட முடியாது. மக்காச்சோளமே அன்றாட உணவாக இருந்த மேற்கிந்தியப் பழங்குடிப் பகுதியில் அது 1974இல் தெரிந்தது. ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களை ஒட்டிய ஊர்களில் பருவம் தவறிய மழை அறுவடையை நனைத்தது. காயாத கதிர்கள் வீடுகளில் சேர்க்கப்பட்டன. அக்டோபர் முதல் மஞ்சள் காமாலை, வாந்தி, விரைவாக வீங்கும் வயிறு. நாய்களும் அதேபோல் மாண்டன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி, ரமேஷ் பட் முதலியோர் 1975இல் லான்செட் இதழில் வெளியிட்ட அறிக்கையின்படி நோயுற்றவர் 397 பேர்; இறந்தவர் 106 பேர். அவர்கள் உண்ட மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. இன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தானியங்களுக்கு விதித்துள்ள உச்சவரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அன்று காணப்பட்ட மிகக் குறைந்த அளவே அதைப்போல் 400 மடங்குக்கு மேல்.

பூசணம் பிடித்தது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் உண்டார்கள் என்று கேட்பது எளிது. மணியைப் பொறுக்கிக் கழிக்க வேண்டுமானால் கழித்தபின் மிச்சம் இருக்க வேண்டும். விளைச்சல் முழுவதும் நனைந்திருக்க, வேறு தானியம் வாங்கக் காசில்லாத வீட்டில் முறம் என்ன செய்யும்? கழிக்கும் அறிவு வேறு, கழிக்கும் வசதி வேறு. 1974இன் சாவுகளை அறியாமைக் கணக்கில் எழுதுவது அநீதி.

கோலார் அமைந்திருக்கும் தக்காணப் பீடபூமியிலேயே 1995இல் இன்னொரு நிகழ்வு. அவ்வாண்டும் அறுவடைக்கால மழை; சோளமும் மக்காச்சோளமும் கதிரிலேயே பூசணம் பூத்தன. அத்தானிய மாவில் செய்த ரொட்டி உண்டவருக்குச் சிறிது நேரத்தில் வயிற்றுவலி, வயிற்றிரைச்சல், பேதி. ரமேஷ் பட்டும் உடனாய்வாளரும் 1997இல் வெளியிட்ட கட்டுரையின்படி ஆய்ந்த 50 ஊர்களில் 27இல் நோய் காணப்பட்டது. மக்காச்சோள மாதிரிகளில் ஃபியூமோனிசின் கிலோவுக்கு 0.25 முதல் 64.7 மில்லிகிராம் வரை இருந்தது. சோளத்தில் உச்ச அளவு 7.8. அத்தானியத்தை நிறுத்தியதும் எல்லோரும் தேறினர். இறப்பு இல்லாததால் இந்நிகழ்வு பொது நினைவில் இடம்பெறவில்லை. ஆயினும் ஒரே மழையில் நனைந்து ஒரே முறையில் ரொட்டியான இரு தானியங்களில், மக்காச்சோளத்தின் உச்ச அளவு சோளத்தினுடையதைவிட எட்டு மடங்கு என்பது கவனிக்கத் தக்கது. பெயரில் சோளம் இருந்தாலும் அது சோளமன்று.

கைவேலை எவ்வளவு குறைக்கும், எங்கே தோற்கும் என்பதற்கு ஆப்பிரிக்கா சான்று தருகிறது. தென்னாப்பிரிக்காவின் பழைய டிரான்ஸ்கை பகுதியில், கேடுற்ற மணிகளைக் கையால் பொறுக்கி நீக்கி, எஞ்சியதைச் சிறிது நேரம் நீரில் கழுவும்படி பெண்களிடம் சொல்லிப் பார்த்தனர். உடலுக்குள் சென்ற ஃபியூமோனிசின் ஏறக்குறைய 60 விழுக்காடு குறைந்தது. பொறுக்குதலும் களைதலும், வேறு ஒன்றுமில்லை. கென்யாவின் கம்பா மக்களிடம் முத்தோகோய் என்ற உணவு உண்டு; மக்காச்சோளத்தை நனைத்து உரலில் குத்தி, தோலும் முளைக்கருவும் நீக்கிச் சமைப்பது. அதுவும் அஃப்ளாடாக்சினைக் கணிசமாகக் குறைக்கிறது. அதே கம்பா நாட்டில்தான் 2004இல் 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தனர். நஞ்சு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராமில் இருக்கும்போது அதில் பாதியைக் குறைப்பது உயிரைக் காக்காது. மரபறிவைப் போற்றுவோரும் தள்ளுவோரும் கம்பா மக்களின் இந்த இரு செய்திகளையும் ஒருசேர வைத்துப் பேசுவதில்லை.

இனிக் கழுநீர்ப் பானைக்குத் திரும்பலாம். முறமும் உரலும் நீரும் நஞ்சை நீக்கியதாகச் சொல்லும் ஒவ்வொரு ஆய்வும் உணவில் எஞ்சியதையே அளக்கிறது. நீக்கப்பட்டது தவிட்டிலும் நொய்யிலும் கழுவிய நீரிலும் இருக்கிறது. அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்ட கதையே ஒரு கழிவின் கதை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. காரணம் தீவனத்தில் கலந்த பிரேசில் நிலக்கடலைப் பிண்ணாக்கு. எண்ணெயில் தங்காமல் நஞ்சு பெரும்பாலும் பிண்ணாக்கிலேயே நின்றுவிட்டது. மனிதருக்கு எண்ணெய், பறவைக்குப் பிண்ணாக்கு. ஆலைகள் இன்று மக்காச்சோளத்தின் முளைக்கருவையும் தவிட்டையும் எந்திரத்தால் நீக்கி ரவையாக்கும்போதும் அதே பங்கீடுதான்: நஞ்சு குறைந்த ரவை உணவுக்கு, நஞ்சு கூடிய தவிடு தீவனத்துக்கு.

கோலார் மாவட்டத்துக்குப் பட்டும் பாலும் பொன்னும் விளையும் நாடு என்ற பெயர் உண்டு. பொன் நின்றுவிட்டது, பால் நிற்கவில்லை. நீர் வற்றிய நிலத்தில் மாடே வருமானம். கூட்டுறவுச் சங்கத்துக்குக் காலையும் மாலையும் பால் செல்கிறது. மாட்டுத் தீவனத்தில் மக்காச்சோளமும் தவிடும் பிண்ணாக்கும் உண்டு. தீவனத்திலுள்ள அஃப்ளாடாக்சின் பி1இல் ஒரு சிறு பங்கு, பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு, மிகுதியாகக் கறக்கும் மாடுகளில் 6 விழுக்காடு வரை, எம்1 என்ற வடிவில் பாலில் இறங்குகிறது. காய்ச்சினால் அது போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் திரட்டிய 6,432 பால் மாதிரிகளில் 368இல் எம்1 வரம்பை மீறியிருந்தது. அவற்றில் தமிழ்நாட்டு மாதிரிகள் மட்டும் 88. பாலில் நீர் கலக்கிறார்கள் என்ற பழைய புகாரைவிட இது பெரிய செய்தி என்று ஆணையமே கூறியது. நாளிதழ்களில் அது ஒரு நாள் செய்தியாக நின்றது.

கோவின ஜோள என்று பெயரிட்டவர்கள் இத்தானியம் மாட்டுக்கு உரியது என்று கருதியிருக்கலாம். அப்பெயருக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது: மாட்டுக்குப் போனது மனிதனிடம் திரும்பாது. வீட்டில் ஒரு கறவை மாடு, ஒரு குடும்பத்தின் கழுநீர், அன்றன்று களைந்த தானியம் என்ற அளவில் அந்நம்பிக்கை பெரிய பிழையாக இருந்திருக்காது. ஒரு வீட்டுத் தவிடு ஒரு மாட்டுக்குச் சென்றது. இன்று பல மாவட்டங்களின் தவிடு ஓர் ஆலையில் கலந்து, ஒரே மூட்டையாகிப் பல ஆயிரம் மாடுகளுக்குச் செல்கிறது. அப்பால் ஒரே குளிர்தொட்டியில் சேர்ந்து பைகளாகப் பிரிந்து வருகிறது. இவ்வழியில் முறத்துக்கு இணையான இடம் எது, அங்கே புடைப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை தீவன ஆலையின் சோதனைக்கூடத்தில்தான் இருக்க வேண்டும்.

தங்க வயலில் சுரங்கம் மூடியபின் வேலை தேடுவோர் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். களிக்கு மாவு பையில் வருகிறது. அரிசி கல் நீக்கி வருகிறது. பல வீடுகளில் முறம் விளக்குமாற்றுக்குத் துணையாகிவிட்டது. நாவுதல், தெள்ளுதல் என்ற சொற்களைப் பாட்டிமார் அறிவர். பேத்தியர்க்கு அவை பாடநூல் சொற்கள். அரிசி களைந்த நீர் கழுவுதொட்டிக் குழாய் வழியே சாக்கடைக்குப் போகிறது. அதற்குக் கழுநீர் என்ற பெயரை இப்போது எவரும் பயன்படுத்துவதில்லை.